மேடேறினால் நிற்கும் வைப்பர்

மழை வந்தால் காருக்குள் ஒரு விசையைத் தட்டுகிறோம், கண்ணாடியைத் துடைக்க வைப்பர் ஆட ஆரம்பிக்கிறது. இப்போது அதைக்கூடத் தட்ட வேண்டாம், நாலு துளி விழுந்தால் காரே தெரிந்துகொள்கிறது என்று என் பேரன் பீற்றிக்கொள்கிறான். பீற்றட்டும். நம் வயதுக்காரர்களில் யாருக்காவது அந்தக் காலத்துக் காரில், கொட்டும் மழையில், காவிரிப் பாலம் ஏறிய ஞாபகம் இருக்கிறதா? அதில் வைப்பரை ஆட்டியது மின்சாரம் இல்லை. என்ஜின் காற்றை உள்ளே இழுக்கும். அந்த இழுப்புத்தான் ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து வைப்பரை ஆட்டும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இழுப்பு குறைந்துவிடும். அதாவது, மேடேறும் நேரம் பார்த்து வைப்பர் பாதிக் கண்ணாடியில் மலைத்து நின்றுவிடும். காலை எடுத்தால்தான் மறுபடி ஆடும். இது என்ன கிறுக்கு ஏற்பாடு என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். அந்த வைப்பரை நடுவில் வைத்து எங்கள் வீட்டில் ஒரு நவராத்திரியே நடந்திருக்கிறது.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே மாமா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. வெள்ளைப் புடவையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து அடுப்படியைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். மாமா சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்று வாடகைக்கு ஓட்டினார். அவர் போன பிறகு அது அரியமங்கலத்தில் தெரிந்த பாயின் பட்டறையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

அம்மா தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். டீச்சர் என்று பேர்தானே தவிர வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வேலை போய்விடும். ஜூனில் தலைமையாசிரியை மனசு வைத்தால் திரும்ப வரும். அந்த வருஷம் நிரந்தர இடம் ஒன்று வந்தது. அம்மாவுக்கா, இன்னொரு டீச்சருக்கா என்று பார்க்க, பூஜை விடுமுறை முடிந்ததும் இன்ஸ்பெக்டரம்மா வந்து இரண்டு பேர் வகுப்பிலும் உட்காரப் போகிறார் என்று சொல்லிவிட்டார்கள்.

"இதுவும் கிடைக்கலைன்னா நான் வீட்டோட இருந்துடறேங்க. வருஷா வருஷம் பிச்சை கேக்கற மாதிரி போய் நிக்க முடியலை" என்றாள் அம்மா, அப்பாவிடம்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒருத்தி பேசினால் மற்றவள் பாத்திரத்தை உருட்டுவாள். ஒரு நாள் அத்தை பக்கத்து வீட்டு அம்மாவிடம், "சாயங்காலம் விளக்கேத்தற நேரத்துக்கு வீட்டுக்காரி வீட்ல இருக்க வேணாமா?" என்று சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது. தான் வேலைக்குப் போவதைக் குத்திக் காட்டுகிறாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். விளக்கை அத்தை ஏற்றக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்ததே, அதை யாரும் யோசிக்கவில்லை. அம்மா பஸ் கிடைக்காமல் தாமதமாக வரும் நாளில் நான்தான் ஏற்றுவேன். அத்தை தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்பாள்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு நடத்திக் காட்ட அம்மா எடுத்துக்கொண்ட பாடம் வெற்றிடம். கண்ணுக்குத் தெரியாததைக் கரும்பலகையில் எழுதி என்ன புரியவைப்பது, பிள்ளைகள் கையால் தொட்டு, காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறி. காய்ச்சல் கண்டவள் போல இரண்டு நாள் திரிந்தாள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கார்ல வைப்பர் வேக்குவத்துலதானே ஓடும்?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே, "எது வேணுமோ கழட்டிக்குங்க அண்ணி. அவர் இருந்தா அவரே கழட்டிக் குடுத்திருப்பார்" என்றாள்.

அரியமங்கலத்துக்கு நானும் போனேன். அத்தை வரவில்லை. தார்ப்பாயை விலக்கியதும் ரெக்சின் வாடையும் எலிப்புழுக்கையும் முகத்தில் அடித்தன. கண்ணாடிக்கு மேலே காய்ந்து நாராகிப்போன பூச்சரம் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா முன்சீட்டில் ஏறி, ரப்பர் குழாயின் நுனியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சினாள். வைப்பர் முக்கால் அங்குலம் நகர்ந்தது. அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அப்பா வெட்கத்தோடு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க டீச்சரம்மா, காரையே குடிச்சிருவீங்க போல" என்றார் பட்டறை பாய். வைப்பரையும், அதை ஆட்டும் தகரப் பெட்டியையும், குழாயையும் அவரே கழற்றிப் பழைய லுங்கித் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

பின்கட்டில் வேலை ஆரம்பித்தது. எங்கள் வீட்டுப் பழைய பெஞ்சின் பலகை. அதன் மேல் நிமிர்த்தி வைத்த ஒரு கண்ணாடி. கண்ணாடியின் முன்னால் வைப்பர், அதன் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும்படி தகரப் பெட்டி. பாலக்கரை மிட்டாய்க் கடையிலிருந்து அப்பா ஒரு பெரிய கண்ணாடி ஜாடி கொண்டுவந்தார். அதுதான் இழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம். ஜாடிக்குள் ஒரு பலூன், அதன் வாய் மட்டும் மூடி வழியாக வெளியே திறந்திருக்கும். ஜாடியிலிருந்து காற்றை எடுக்க எடுக்க, யாரும் ஊதாமலே பலூன் உள்ளே உப்பும். காற்றை எடுக்க என்ஜினுக்கு எங்கே போவது? சைக்கிள் பம்ப்பைப் பிரித்து, உள்ளே இருந்த தோல் வாஷரைத் திருப்பிப் போட்டாள் அம்மா. ஊதுகிற பம்ப் உறிஞ்சுகிற பம்ப்பாக மாறிவிட்டது. ஆக்ஸிலேட்டர் பெடலுக்குப் பலகை தேடியபோது, பழைய அரிவாள்மனையின் கட்டையை அத்தை தானாகவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதை மிதித்தால் குழாயில் ஒரு தக்கை திறந்து வெளிக்காற்று நுழையும், வைப்பர் சோர்ந்து நிற்கும். காலை எடுத்தால் ஆடும். பாலத்து மேடு எங்கள் பின்கட்டுக்கே வந்துவிட்டது.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. முதல் நாலைந்து நாள் பம்ப்பை அடித்து அடித்து என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம், வைப்பர் அசையவில்லை. எங்கோ ஒழுகியது. அம்மா ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டு வந்தாள். புகை நேராக எழும்பிக்கொண்டே வந்து, ஜாடி மூடிக்கு அருகில் மட்டும் சட்டென்று உள்ளே வளைந்தது. அங்கேதான் ஓட்டை. மெழுகை உருக்கி அடைத்தாள்.

"என்ன, பூஜையை இப்பவே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டபடி அப்பா வந்தார். ஊதுபத்தி, மெழுகு, ரப்பர், எல்லாம் கலந்த அந்த வாசனையை இன்றைக்கு யாராவது ஒரு சீசாவில் அடைத்துக் கொடுத்தால் என் வளையலைக் கழற்றிக் கொடுப்பேன்.

அது ஆடிய முதல் சாயங்காலம் அத்தை ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். நான் பம்ப் அடித்தேன். அம்மா கண்ணாடியில் சொம்புத் தண்ணீரைத் தெளித்தாள். வைப்பர் டக் டக் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது.

"நீ மிதிக்கறியா?" என்று அம்மா கேட்டாள். அம்மா அத்தையிடம் தானாக ஒன்று கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அத்தை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு காலால் பெடலை அழுத்தினாள். வைப்பர் நின்றது. காலை எடுத்தாள். ஆடியது. மறுபடி அழுத்தினாள்.

"பாலத்துல ஏறறப்ப இப்படித்தான் அண்ணி நின்னுடும். எனக்கு உசிரே போயிடும். முன்னாடி என்ன வருதுன்னே தெரியாது. அவர் சிரிச்சுக்கிட்டே, பயப்படாதே, இப்பக் காட்டறேன் பாருன்னு காலை எடுப்பார். கண்ணாடி தொடைச்சதும் மலைக்கோட்டை தெரியும். பாத்தியான்னு கேட்டுட்டு மறுபடி அழுத்துவார். பாலம் முடியற வரைக்கும் இதே விளையாட்டுதான்."

அத்தை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா இன்னொரு சொம்பு தண்ணீர் எடுத்து வந்து கண்ணாடியில் ஊற்றினாள். நான் பம்ப்பை நிறுத்தாமல் அடித்தேன். அந்தச் சாயங்காலம் மட்டும் போதும் எனக்கு. இப்போதும் கண்ணை மூடினால் அங்கேதான் போய் நிற்கிறேன்.

நவராத்திரிக்குக் கொலு வைத்தோம். மற்ற வீடுகளில் கீழ்ப்படியில் பூங்காவும் தெப்பக்குளமும் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் மாடல். தெருவே திரண்டு வந்தது. பட்டுப்பாவாடைக் குட்டிகளெல்லாம் பம்ப்புக்கு அடித்துக்கொண்டார்கள். குழாயின் நுனியில் விரலை வைத்து, "ஐயையோ, விரலை இழுக்குது" என்று கத்துவார்கள். பாடச் சொன்னால் வாயைத் திறக்காத ஒரு அம்மாள், பெடலை மிதிக்க மட்டும் மூன்று சாயங்காலம் வந்தாள்.

வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் அம்மா கொடுத்தாள். அத்தை உள்ளே சுண்டலை இலையில் மடித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் இருக்கும்போது கூடத்துக்கு அவள் வர மாட்டாள். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. வைப்பர் டக் டக் என்று ஆடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை கொஞ்சம் நிற்கும். நான் சுண்டல் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன்.

சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை அன்று புத்தகங்களோடு மாடலையும் பூஜையில் வைத்தோம். அப்பா தன் வழக்கப்படி சந்தனம் குங்குமம் எடுத்து அரிவாள்மனை, சுத்தியல், தையல் மிஷின் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். மாடலில் பலகைக்கும் பம்ப்புக்கும் ஜாடிக்கும் வைத்தார். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது இல்லையா. விஜயதசமி காலையில் எடுத்ததும், ஒரு தரம் ஓட்டிப் பார்க்க அம்மா கையை வைத்தாள். அப்பா தடுத்துவிட்டார். "பூஜை போட்ட பொருளோட முதல் ஓட்டம் நல்ல காரியத்துக்குத்தான் இருக்கணும். நாளைக்கு வகுப்புலயே முதல்ல ஓடட்டும். இத்தனை நாள் ஊரே மிதிச்சுப் பாத்தாச்சு, இன்னும் என்ன சந்தேகம்?"

அம்மாவும் சரி என்றுவிட்டாள். வெற்றிடம் நடத்துகிற விஞ்ஞான டீச்சர்தான். இருந்தாலும் நல்லது கெட்டது என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மீற யாருக்குத் துணிச்சல் வரும்? கண்ணாடியை மட்டும் துடைத்து, போர்வையில் கட்டி எடுத்துப் போனோம்.

அம்மாவின் அந்த வகுப்பில்தான் நானும் படித்தேன். கடைசிப் பெஞ்சில் இன்ஸ்பெக்டரம்மா, பக்கத்தில் தலைமையாசிரியை. அம்மா பலூனைக் காட்டினாள், உப்பியது. குழாயில் விரலை வைத்துக் காட்டினாள், இழுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு தண்ணீரைத் தெளித்து, "இப்ப வைப்பரைப் பாருங்க" என்றாள். பம்ப் அடித்த பெண் அடித்துக்கொண்டே இருந்தாள். வைப்பர் அசையவில்லை. கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா குழாயை அழுத்திப் பார்த்தாள், மூட்டுகளைத் தடவினாள். ரங்கநாதா, அம்மாவைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் அம்மா அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்தாள். அதன் மூடியில் நடுநாயகமாக ஒரு துளை உண்டு. குழாய் ஒரு பக்கம் காற்றை இழுக்க, மறுபக்கம் வெளிக்காற்று உள்ளே வருவதற்கான வழி அது. அந்தத் துளையில் அழகாக, வட்டமாக, சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமப் பொட்டு. காய்ந்து கல்லாகியிருந்தது.

அம்மா கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "இங்க பாருங்க. இந்தப் பக்கம் நாம எவ்வளவு இழுத்தாலும், அந்தப் பக்கம் காத்து உள்ள வர வழியில்லைன்னா எதுவும் நகராது. வெற்றிடம் எதையும் தள்றதில்லை. தள்றது வெளியில இருக்கற காத்து. அதுக்கு வழி விடணும்." பிறகு ஊசியால் குத்தினாள். சிவப்பும் மஞ்சளுமாகத் தூள் உதிர்ந்தது. பம்ப்பை இரண்டு அடி அடித்ததும் வைப்பர் துள்ளிக்கொண்டு ஆடியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டரம்மா கை தட்டவில்லை, சிரிக்கவுமில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று அம்மா நினைத்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அப்பாவிடம் கேட்டாள்: "அந்த மூடியில பொட்டு வச்சது நீங்களா?"

"மூடியிலயா? நான் வைக்கலையே."

அடுப்படி வாசலில் அத்தை வந்து நின்றாள். "நான்தான் வச்சேன் அண்ணி" என்றாள்.

"நீயா? எதுக்கு?"

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். வேண்டுமென்றே அடைத்திருக்கிறாள், நான் வீட்டோடு கிடக்க வேண்டும் என்று செய்திருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. பயத்தில் வந்த கோபம் அல்லவா, கண்மண் தெரியவில்லை.

"உன் கையால குங்குமம் வச்சா அப்புறம் எது ஓடும்?" என்றாள்.

அப்பா "ஏய்" என்று ஒரு சத்தம் போட்டார். கொட்டியதை அள்ள முடியுமா? அத்தை அன்று இரவு எல்லோருக்கும் பரிமாறினாள். அந்த வாரமே தஞ்சாவூரில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கப் போகிறேன் என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அப்பா தடுக்கவில்லை. வாசலில் என் கன்னத்தைத் தொட்டு, "விளக்கு வைக்க மறந்துடாதே" என்று மட்டும் சொன்னாள்.

தை மாதம் அம்மாவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அடைப்பையே பாடமாக்கிவிட்ட டீச்சர் இவர்தான் என்று இன்ஸ்பெக்டரம்மா சொன்னதாகத் தலைமையாசிரியை வந்து சொன்னார். அப்பா ஸ்வீட் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் போய் வந்தார். "நல்லதாப் போச்சு, அண்ணிகிட்ட நான் சந்தோஷப்பட்டேன்னு சொல்லுங்க" என்றாளாம் அத்தை. அம்மா போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தின்போது துளையைச் சந்தனத்தால் அடைத்து, நகராது என்று காட்டி, பிறகு குத்தித் திறப்பாள். மாணவிகள் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். மாமிகளாகி, பாட்டிகளாகி, இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால் அந்தப் பொட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தை தஞ்சாவூரிலேயே கண்ணை மூடினாள். மிட்டாய் ஜாடி உடைந்தது. பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தபோது மாடலைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனான்.

என் வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. போன ஆயுத பூஜைக்கு என் மருமகள் வீட்டிலிருந்த கார், லேப்டாப், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். நல்ல பெண். காலம் மாறிவிட்டது, அத்தையை அடுப்படியில் நிறுத்தியதுபோல் என்னை யாரும் நிறுத்துவதில்லை. ஆனால் ஷெட்டின் மூலையில் நின்ற அவருடைய ஸ்கூட்டர் அவள் கண்ணில் படவில்லை. கேட்டிருந்தால் வைத்திருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் உள்ளே போகும்வரை காத்திருந்து, நானே சந்தனத்தைக் குழைத்து ஹெட்லைட்டுக்கு மேல் வட்டமாக வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். அழுத்தி வைத்தேன், உதிராமல் இருக்கவேண்டும் என்று. அப்போது மருமகள் வந்து, ஏம்மா, இது ஓடவே ஓடாதே, எதுக்கு என்று கேட்டாள். எதற்கு என்று எப்படிச் சொல்வது? அந்த நிமிஷம்தான் அடுப்படி வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தை எனக்குப் புரிந்தாள். அது மாமாவின் வைப்பர்.

அம்மா இருக்கிறாள், தொண்ணூறை நெருங்குகிறாள். ஸ்ரீரங்கத்தில் தம்பி வீட்டில். அவன் அந்த நவராத்திரிக்கு மறுவருஷம் பிறந்தவன், அத்தையைப் பார்த்த ஞாபகம்கூட அவனுக்கு இல்லை. மறுநாளே போய், அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னேன். அத்தையைப் பற்றிச் சொன்னேன். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குங்குமச் சிமிழை எடுத்து அவ கையில குடுத்திருப்பேனே" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"குடுத்திருப்பேனாடி?"

எனக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரியும். மோர் கரைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனேன்.